மீர் வாங்கியது முழுப் பட்டம்தான்

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. லெனேசியாவில் எல்லோரும் சுகம் என்று படித்ததில் நிம்மதி. இங்கே சாட்ஸ்வர்த்தில் கமலாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மறுபடியும் கோயிலுக்கு நடந்தே போகிறாள்.

நீ எழுதியதில் ஒரு வரிதான் மனதில் உறுத்துகிறது. மோட்டோஜிபி என்னும் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஜோவான் மீர் வாங்கிய 2020 பட்டத்தை, போட்டிகள் குறைவு, மார்க்கெஸ் இல்லை என்று சொல்லி 'அரைப் பட்டம்' என்று எழுதிவிட்டாய். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கொரோனாவால் போட்டிகள் 14 ஆகச் சுருங்கியது உண்மை. மீர் ஜெயித்தது ஒரே ஒரு போட்டிதான் என்பதும் உண்மை. ஆனால் ஒன்பது பேர் மாறி மாறி ஜெயித்த வருஷம் அது. மூன்று போட்டி ஜெயித்த குவார்த்தராரோ கடைசியில் எட்டாம் இடத்துக்குப் போய்விட்டார். மீர் முதல் மூன்று போட்டிகளில் இரண்டை முடிக்கவே இல்லை. அதன் பிறகு எழுந்து வந்து, ஏழு முறை முதல் மூவரில் ஒருவராக மேடை ஏறி, 171 புள்ளி சேர்த்தார். இரண்டாவதாக வந்த மொர்பிடெல்லிக்கு 158. போட்டிகள் குறையக் குறைய, விட்டதைப் பிடிக்க வாய்ப்பும் குறையும். இதை எப்படி லேசான பட்டம் என்பது?

முந்தைய வருஷ சாம்பியன் மார்க்கெஸ் இல்லையே என்கிறாய். ஸ்பெயினின் ஹெரெஸில் முதல் போட்டியிலேயே விழுந்து கையை உடைத்துக்கொண்டார். அதற்குக் கொரோனா காரணமில்லையே. 1992-ல் இதே மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், புள்ளியில் முன்னால் இருந்த டூஹன் நெதர்லாந்தின் அசெனில் காலை உடைத்துக்கொள்ள, ரெய்னி நான்கே புள்ளியில் பட்டம் வாங்கினார். அதை நீ ஒருநாளும் குறை சொன்னதில்லை.

எண்ணிக்கைதான் பிரச்சினை என்றால் கார் பந்தயத்தில் பட்டம் வாங்கிய நம் தென்னாப்பிரிக்க ஜோடி ஷெக்டரை என்ன செய்வாய்? அவர் பட்டம் வாங்கிய 1979-ல் ஃபார்முலா ஒன் நடந்தது 15 போட்டி. ஆனால் அன்றைய விதிப்படி ஒருவருக்குப் புள்ளிக் கணக்கில் சேர்ந்தது அதிகபட்சம் எட்டுப் போட்டிதான். அதையும் அரைப் பட்டம் என்பாயா?

சரி, உன் பக்கம் நியாயம் இருக்கும் இடத்தையும் சொல்கிறேன். ஒன்பதே ஓடுதளங்கள், அவற்றில் ஐந்தில் இரண்டிரண்டு போட்டி, எல்லாமே ஐரோப்பாவில். மலேசியாவின் செப்பாங் புழுக்கமும் இல்லை, ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவுக் காற்றும் இல்லை. உலகப் பட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படி நடத்தியது எனக்கும் குறையாகத்தான் படுகிறது. ஆனால் அது அட்டவணையின் குறை. எல்லோரும் ஓட்டியது அதே தளங்களில்தானே.

அப்புறம் நம்ம பிராட் பைண்டர்! பொச்சஃப்ஸ்ட்ரூம் பையன், மோட்டோஜிபியில் தன் மூன்றாவது போட்டியிலேயே செக் நாட்டு ப்ர்னோவில் ஜெயித்தானே. அவன் ஓட்டிய பைக்கைச் செய்த கேடிஎம் கம்பெனிக்கு மோட்டோஜிபியில் அதுதான் முதல் வெற்றி, தென்னாப்பிரிக்கருக்கும் முதல் வெற்றி. அன்றைக்கு நீ போன் பண்ணிப் போட்ட கூச்சல் எனக்கு மறக்கவில்லை. அந்த ஆகஸ்ட் வெற்றி முழுசு, அதே வருஷத்து நவம்பர் பட்டம் மட்டும் அரையா?

தைப்பூசக் காவடிக்கு டர்பன் பக்கம் வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது. மாடி அறையைக் காலி பண்ணி வைக்கிறேன். மீதியை நேரில் பேசித் தீர்ப்போம்.

அன்புடன்,
தயாளன்