நடுவில் இல்லாத நட்சத்திரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 2016-இல் எடுத்த குமிழி நெபுலா படத்தை, அதாவது ஒரு ராட்சத நட்சத்திரத்தின் காற்று ஊதிய வாயுக் குமிழியின் படத்தை, அனுப்பிவிட்டு, "வெற்றிடத்தில் காற்று எப்படிப்பா அடிக்கும்?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லித் தீராது, அதனால் எழுதுகிறேன்.

அது நாம் சுவாசிக்கிற காற்று இல்லை. நட்சத்திரத்தின் மேற்பரப்பிலிருந்து கிளம்பி ஓடும் வாயு. சூரியனிலிருந்தும் அப்படி ஒன்று வீசுகிறது. அதை விரட்டுவது வெப்பம். ஆனால் இந்த மாதிரி ராட்சத நட்சத்திரங்களில் வெளிச்சமே அந்த வேலையைச் செய்கிறது. புற ஊதா ஒளி, வாயுவில் கலந்திருக்கும் கார்பன், இரும்பு போன்ற அணுக்களின் மேல் பட்டுப் பட்டுத் தள்ளுகிறது. அவை மீதி வாயுவையும் இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. வெளிச்சத்துக்கு இவ்வளவு பலம் உண்டு என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

உன் படத்தில் இருக்கும் நட்சத்திரம் சூரியனைப்போல் சுமார் 45 மடங்கு நிறை கொண்டது. அதன் காற்றின் வேகம் மணிக்கு 60 லட்சம் கிலோமீட்டருக்கும் மேல். வாசல் பெருக்கும்போது துடைப்பத்துக்கு முன்னால் சருகு சேருமே, அப்படித்தான் சுற்றியுள்ள குளிர்ந்த வாயுவை அது ஒதுக்கிக்கொண்டே போகிறது. குமிழியின் விளிம்பாக நீ பார்ப்பது பெரும்பாலும் அந்த ஒதுக்கப்பட்ட வாயுதான். நட்சத்திரத்தின் ஒளி பட்டு அது மினுங்குகிறது. குமிழியின் அகலம் 7 ஒளி ஆண்டு, அதாவது ஒளி ஏழு வருடத்தில் கடக்கும் தூரம். சூரியனிலிருந்து அடுத்த நட்சத்திரத்துக்கே 4 ஒளி ஆண்டுக்குச் சற்று அதிகம்தான், பார்த்துக்கொள்.

இப்போது படத்தை இன்னொரு தரம் எடுத்துப் பார். நட்சத்திரம் நடுவில் இல்லை, இடது மேல் பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. ஒரு பக்கம் வாயு அடர்த்தியாக இருப்பதால் காற்றுக்கு அங்கே சீக்கிரம் முன்னேற முடியவில்லை. மறுபக்கம் தடை குறைவு, குமிழி அங்கே நன்றாக விரிந்துவிட்டது. எந்தப் பக்கம் எவ்வளவு வாயு இருந்தது என்று அந்தக் கோணல் வடிவமே காட்டிக்கொடுக்கிறது. முழு வட்டமாக இருந்திருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்காது. படத்திலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1787-இலேயே இந்த நெபுலாவைப் பார்த்துக் குறித்து வைத்தார். இருப்பது காசியோபியா என்னும் நட்சத்திரக் கூட்டத்தில், ஏறக்குறைய 7,000 ஒளி ஆண்டு தூரத்தில். இங்கே கார்த்திகை, மார்கழி முன்னிரவில் வடக்கே பார்த்தால் காசியோபியா தெரியும். உங்கள் எடின்பரோவில் அது அடிவானத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை, மேகம் விலகினால் எந்த இரவிலும் பார்க்கலாம். ஆனால் குமிழி வெறும் கண்ணுக்குத் தெரியாது. அங்கே நல்ல தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பார். பார்த்தால் எப்படி இருந்தது என்று எனக்கு விவரமாக எழுது.

அன்புடன்,
அப்பா