புகார்: மீட்டர் முள் அசையாமலே செத்துப்போகும் எஞ்சின்கள்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்கள் போர் விமான சிமுலேட்டரில் எஞ்சின் சேதம் கணக்கிடப்படும் முறை குறித்து

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் இரண்டாம் உலகப் போர் விமான சிமுலேட்டரையும் அதன் பிறகு வந்த கூடுதல் விமானத் தொகுப்புகளையும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது), ஸ்பின் (சுழன்று விழுவது) போன்றவற்றில் நீங்கள் காட்டியிருக்கும் உழைப்பு பெரியது. எஞ்சினுக்கு அதில் கால்வாசி கூடக் கிடைக்கவில்லை.

நடப்பது இதுதான். அமெரிக்கப் போர் விமானமான பி-51டியை 67 அங்குல மேனிஃபோல்ட் பிரஷரில் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், அது கூடினால் பவரும் கூடும்) ஓட்டுகிறேன். கூலன்ட் வெப்பநிலை அளவுக்குள் இருக்கிறது, ஆயில் பிரஷர் முள் தன் இடத்தில் நிற்கிறது, ரேடியேட்டர் கதவு திறந்திருக்கிறது. 5 நிமிடம் தாண்டியதும் எஞ்சின் பட்டென்று நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் நாக்கிங் சத்தம் வருவதில்லை, அதிர்வு இல்லை, புகையும் இல்லை. கொளுத்தும் பாலைவன மேப்பிலும் உறைபனி மேப்பிலும் ஏறக்குறைய அதே நொடியில்தான் சாகிறது. இன்னொன்றும் பாருங்கள்: கெடு முடிய ஒரு நொடி இருக்கும்போது த்ராட்டிலைக் குறைத்துக் கொஞ்ச நேரம் சாதாரண வேகத்தில் பறந்தால், 5 நிமிடமும் முழுசாகத் திரும்பக் கிடைக்கிறது. தேய்ந்த பேரிங் ஆறப்போட்டால் சரியாகிவிடுமா?

இதை ஏற்கெனவே எழுதிக் கேட்டதற்கு, 'பைலட் கையேட்டில் 5 நிமிடம் என்றுதான் இருக்கிறது' என்று ஒரே வரியில் பதில் அனுப்பினீர்கள். கையேட்டில் இருப்பது உண்மை. ஆனால் அது எஞ்சினின் ஆயுளையும் பராமரிப்பையும் வைத்துப் போட்ட வரம்பு. 61 அங்குலத்தைத் தாண்ட த்ராட்டிலில் கட்டியிருக்கும் கம்பியை அறுத்துக்கொண்டு போக வேண்டும். இறங்கியதும் அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும், மெக்கானிக் எஞ்சினைப் பார்க்க வேண்டும். ஆறாவது நிமிடத்தில் எஞ்சின் வெடிக்கும் என்றால், இறங்கிய பிறகு பதிவேட்டில் எழுத யார் இருப்பார்கள்?

இன்னொரு அமெரிக்கப் போர் விமானமான பி-40 இன்னும் தெளிவான சாட்சி. அதன் எஞ்சினைச் செய்த ஆலிசன் நிறுவனமே 1942 டிசம்பரில் எழுதிய கடிதத்தில், மத்திய கிழக்கில் தங்கள் எஞ்சினை 66 அங்குலம் வரைக்கும், ஆஸ்திரேலியாவில் 70 அங்குலம் வரைக்கும் ஓட்டுவதாகத் தகவல் வந்திருப்பதைக் குறிப்பிட்டு எச்சரித்தது. அனுமதித்த அளவைவிட அது மிக அதிகம். ஆனாலும் அந்த விமானங்கள் சண்டை போட்டுத் திரும்பி வந்திருக்கின்றன. உங்கள் பி-40 அதில் பாதி முறைகேட்டைக்கூடத் தாங்குவதில்லை.

வரம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1940 ஆகஸ்டில், பைலட்கள் சின்னக் காரணத்துக்கெல்லாம் கூலன்ட்டில் குளிரும் மெர்லின் எஞ்சினில் +12 பூஸ்ட்டை (அவசரத்துக்கான கூடுதல் காற்றழுத்தம்) இழுக்கிறார்கள் என்று பிரிட்டிஷ் போர் விமானப் பிரிவின் தலைவர் டவுடிங்கே கண்டித்து எழுதினார். ஜெர்மானியர்களும் தங்கள் டிபி 605 எஞ்சினில் 1.42 ஏடிஏ (அவர்கள் காற்றழுத்தத்தை அளந்த அலகு) அளவை 1943 வரை தடுத்து வைத்திருந்தார்கள், எஞ்சின்கள் பழுதானதால்தான். ஆக ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒன்றில் பேரிங் போகும், இன்னொன்றில் டெட்டனேஷன் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) வந்து பிஸ்டன் தலை உருகும். ஆயில் சூடேறி நீர்த்தால் பிரஷர் இறங்கும், ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) எல்லை மீறினால் கனெக்டிங் ராட் முறியும். இத்தனை காரணங்களையும் ஒரே ஸ்டாப்வாட்சுக்குள் அடைத்துவிட்டீர்கள். விளைவு, ஆன்லைனில் பறக்கிறவர்கள் மீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாய்விட்டு நொடி எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

குண்டடி படும்போதும் இதே கதைதான். ரேடியேட்டரில் அடிபட்டால் வெள்ளை ஆவி அழகாகக் கிளம்புகிறது. வெப்பநிலை முள் மட்டும் நகர்வதே இல்லை. த்ராட்டிலை இறக்கினாலும் ஏற்றினாலும் எஞ்சின் அதே நேரத்துக்குத்தான் ஓடுகிறது. உண்மையில் கூலன்ட் ஒழுகும் விமானத்தின் பைலட்டுக்குக் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தத் த்ராட்டில்தான். பவரைக் குறைத்தால் சூடு மெதுவாக ஏறும், சொந்த எல்லையைத் தொட இன்னும் சில மைல் கிடைக்கும். அந்தப் போராட்டத்தையே எங்களிடமிருந்து பறித்துவிட்டீர்கள். பி-47 போர் விமானத்தின் ஆர்-2800 எஞ்சினுக்குக் கூலன்ட்டே கிடையாது, காற்றில் குளிர்கிற 18 சிலிண்டர் எஞ்சின் அது. சிலிண்டர் உடைந்த நிலையிலும் தளம் திரும்பிய பி-47கள் உண்டு. உங்களிடமோ அதுவும் மெர்லினும் ஒரே மாதிரி அடி வாங்கி ஒரே மாதிரி நிற்கின்றன.

நான் கேட்பது: நேரக் கணக்கை எடுத்துவிட்டு, வெப்பநிலை, டெட்டனேஷன், ஆயில் பிரஷர், ஆர்பிஎம் ஆகியவற்றை வைத்துச் சேதத்தைக் கணக்கிடுங்கள். ஏற்பட்ட சேதம் அந்தப் பறத்தல் முடியும்வரை அழியாமல் இருக்கட்டும். எஞ்சின் சாகும் முன் முள்ளிலும் சத்தத்திலும் அது தெரியட்டும். இதற்கு நாள் பிடிக்கும் என்று புரிகிறது. அதுவரை நேரக் கணக்கை அணைத்துவைக்கும் வசதியையாவது சர்வர் நடத்துகிறவர்களுக்குக் கொடுங்கள், அது சின்ன வேலைதான்.

தயாரிப்புப் பக்கத்தில் 'ஒவ்வொரு எஞ்சின் பாகமும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது' என்று விளம்பரம் செய்துதான் இதை விற்றீர்கள். எந்த அப்டேட்டில் இது சரியாகும் என்று எழுத்தில் சொல்லுங்கள். சரிசெய்யும் எண்ணம் இல்லையென்றால் அந்த வரியை நீக்கிவிட்டு, அதை நம்பி வாங்கிய விமானத் தொகுப்புகளுக்கான பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்