இங்கேயும் மலை மேற்கில்தான்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். "எதுக்குடா ஓடுறே, நாய் துரத்துதா"ன்னு கேட்டுட்டு நீ பாட்டுக்குப் போனை அத்தான் கையில் கொடுத்துட்டே. அதுக்குப் பதில்தான் இது.

போன சனிக்கிழமை மவுனவிலி பாதையை முழுசாக ஓடி முடித்தேன். ஹவாயில், ஓஆஹு தீவில் கூலாவ் மலை அடிவாரத்தை ஒட்டியே போகிற ஒற்றையடிப் பாதை. பத்து மைல், அதாவது 16 கிலோமீட்டர், நம் புளியரையிலிருந்து தென்காசி போகிற தூரம் என்று வைத்துக்கொள். 1990களின் தொடக்கத்தில் தன்னார்வலர்கள் சேர்ந்து வெட்டியது. பாலி நெடுஞ்சாலையில், நம்ம புளியரை எஸ் வளைவு மாதிரி ஒரு கொண்டை ஊசி வளைவில் ஆரம்பித்து, வைமானாலோ என்கிற ஊரில் போய் இறங்குகிறது.

வலது தோளை ஒட்டி மலை, மடிப்பு மடிப்பாக, செங்குத்தாக, முந்தின ராத்திரி பெய்த மழை அதில் வெள்ளை நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. இடது பக்கம் தூரத்தில் கடல். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் எப்படியோ அப்படியே மலை மேற்கில், சாயங்காலம் வெயில் சீக்கிரம் போய்விடும். ஆனால் காற்று தலைகீழ். நமக்கு மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவில் கொட்டித் தீர்ந்த பிறகு மிச்சம்தான் கணவாய் வழியாகச் சாரலாக வரும், இங்கே காற்று வடகிழக்கே கடலிலிருந்து வந்து நான் ஓடுகிற பக்கத்திலேயே மோதுகிறது, அதனால் வருஷம் பூரா ஈரம். வாழ்க்கையில் முதல் தடவையாக மலைக்கு அந்தப் பக்கத்துக்காரனாக இருக்கிறேன் அக்கா.

பாதை நேராகப் போகாது. ஒவ்வொரு ஓடையாக உள்ளே வளைந்து போய் வெளியே வரும். எதிர்க்கரையில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பாட்டி நடப்பது தெரிகிறது, கூப்பிட்டால் கேட்கும், ஆனால் கிட்டே போக அஞ்சு நிமிஷம் ஆகிறது. போனால் அவர் அடுத்த ஓடையில்!

காலடியில் குக்குய் கொட்டை. கோலிக்குண்டு மாதிரி உருளும். எண்ணெய்க் கொட்டை அது, அந்தக் காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் தென்னை ஈர்க்கில் கோத்து விளக்காக எரிப்பார்களாம். ஈர்க்கு என்றதும் அம்மா வாசலில் உட்கார்ந்து ஓலை கிழிப்பது கண்ணில் வந்தது, அந்த நினைப்பில்தான் கொட்டையை மிதித்தேன். சேற்றில் ஒரு ஷூ அப்படியே நின்றுவிட்டது, நான் மட்டும் ஒற்றைக் காலோடு போய் விழுந்தேன். முழங்கால் சிராய்ப்புதான், பெரிசாக ஒன்றுமில்லை. ஓடையில் கழுவவும் யோசனை, எலிக்காய்ச்சல் வரும் என்று போர்டு வைத்திருக்கிறார்கள், அத்தான் புனலூரில் கேள்விப்பட்டு வந்து சொல்வாரே எலிப்பனி, அதேதான். பாட்டில் தண்ணீரில் கழுவினேன், கடைசி மூணு மைல் நாக்கு வறண்டுபோச்சு.

தெரிந்த முகங்களும் உண்டு. மைனா. கீரி. கீரியை 1883-ல் கரும்புத் தோட்டத்து எலியைப் பிடிக்க ஜமைக்காவிலிருந்து கொண்டுவந்தார்களாம், ஜமைக்காவுக்குப் போனது நம் நாட்டிலிருந்து. எலி ராத்திரி திரியும், கீரி பகலில் திரியும், இந்தக் கணக்கை யாரும் யோசிக்கவில்லை. அப்புறம் நம்ம சேம்பு! இங்கே காலோ என்கிறார்கள், வேகவைத்து இடித்துக் கூழாக்கிச் சாப்பிடுகிறார்கள். உப்பும் இல்லை, புளியும் இல்லை. எனக்கு இறங்கவில்லை.

வைமானாலோவில் இறங்கும்போது ரெண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. வேகமெல்லாம் இல்லை, பாதி தூரம் சேற்றில் நடைதான்.

இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்குக் கூப்பிடுகிறேன், உங்களுக்கு ஞாயிறு காலை ஒன்பது. வீடியோவில் கூப்பிட்டால் அம்மா காலைக் காட்டு என்பாள், அதனால் வெறும் போன்தான். நீ எதையும் உளறி வைக்காதே.

உன் தம்பி