‘ஏஜாக்ஸ்’ என்று விற்ற ரெயின் லில்லி கிழங்குகள் குறித்த புகார்

பெறுநர்: குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீட்டில் ரெயின் லில்லி ரகங்களைச் சேர்த்து வளர்க்கிறேன். உங்கள் தளத்தில் ‘ஏஜாக்ஸ்’ ரகத்தில் 10 கிழங்கு, ஒன்று 150 ரூபாய் வீதம், பணம் கட்டி வாங்கினேன். வந்தது வேறு.

பார்சலைப் பிரித்தபோதே சரியில்லை. ஈரமான தேங்காய் நார்த்தூளில் பொதிந்து, காற்றுப் புக வழியில்லாமல் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டியிருந்தீர்கள். நான்கு கிழங்குகளின் அடிப்பாகம் கொழகொழவென்று விரலோடு வந்துவிட்டது. புளித்த வாடை வேறு. நிழலில் உலர்த்திக் காகிதத்தில் சுற்றி அனுப்பியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மீதி ஆறும் கோடை மழைக்குப் பிறகு பூத்தன. ஆறும் ரோஸ் நிறம்! இந்த ரோஸ் நிற ரெயின் லில்லி எங்கள் ஊரில் பாதி வீட்டு வாசலில் இருக்கிறது.

ஏஜாக்ஸ் என்பது வெள்ளைப் பூ பூக்கும் கேண்டிடாவையும் மஞ்சள் பூ பூக்கும் சிட்ரினாவையும் சேர்த்து உண்டாக்கிய ரகம். வெளிர் மஞ்சளாகத்தான் பூக்கும். தாயும் தகப்பனும் என்னிடம் இருக்கின்றன. பிள்ளையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இத்தனை நாள் தேடினேன். இலையைப் பார்த்தாலே தெரியும். ஏஜாக்ஸின் இலை ஒடுங்கியிருக்கும். நீங்கள் அனுப்பியது தட்டையாக, அகலமாக இருக்கிறது.

போனில் பேசிய உங்கள் ஊழியர், "அடுத்த சீசன்ல கலர் மாறிடும் மேடம்" என்றார். மாறாது. பக்கக் கிழங்கு பிரித்து வளர்த்த செடி தாய்ச்செடியின் பூவைத்தான் பூக்கும்.

இதே குடும்பத்துச் செடியான ஸ்னோடிராப்பைக் குளிர் நாட்டுக்காரர்கள் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். பிரிட்டனில் 2015-இல் ‘கோல்டன் ஃப்ளீஸ்’ ரகத்தின் ஒரே ஒரு கிழங்கு 1,390 பவுண்டுக்கு ஏலம் போனது. சொன்ன பெயர்தான் உள்ளே இருக்கிறது என்ற நம்பிக்கைக்குத்தான் அந்தக் காசு. நானும் அந்த நம்பிக்கையில்தான் 150 ரூபாய் கொடுத்தேன்.

எனக்கு வெசனம் பணத்தைப் பற்றி மட்டும் அல்ல. பொள்ளாச்சி, அவிநாசி, தாராபுரம் என்று எங்களைப் போலச் சேகரிப்பவர்கள் பக்கக் கிழங்குகளைப் பிரித்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வோம். பூக்கும் முன்பே ஒன்றைக் கொடுத்துவிட்டால் தப்பான பெயரும் கூடவே வீடு வீடாகப் போகும். அப்புறம் உண்மையான ஏஜாக்ஸ் எதுவென்று யார் சொல்வது?

ஆகவே 1,500 ரூபாயை முழுதாகத் திருப்பித் தாருங்கள். மாற்றுக் கிழங்கு வேண்டாம். உங்கள் தளத்தில் இன்றும் அதே படத்தோடு விற்பனை நடக்கிறது. உங்களிடமுள்ள இருப்பைப் பூக்கவிட்டுச் சரிபார்க்கும் வரை அதை நிறுத்தி வையுங்கள். இதே பெயரில் வாங்கிய மற்றவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

ரசீது, பார்சலைப் பிரித்தபோது எடுத்த வீடியோ, பூ மற்றும் இலைப் படங்கள் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோபிசெட்டிபாளையம்