இந்த வாரம்: சீனப் புத்தாண்டுச் சொற்கள்

வணக்கம் மக்களே. இந்த வாரம் சுன்ஜியே, அதாவது வசந்த விழா. பெயர்ச்சொல்லை மட்டும் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், வினையோடு சேர்த்தே படியுங்கள். வாசலில் ஒட்டும் சிவப்புக் காகித வாழ்த்து வரிகளுக்கு சுன்லியன் என்று தெரிந்தும், ஒட்டுவதற்கான ‘தியே’ தெரியாவிட்டால் வாக்கியம் அமையாது. அப்படியே பாவ் ஜியாவ்ட்ஸ (மாவுக்குள் பூரணம் வைத்து மடிப்பது, வடக்கில்தான் அதிகம்), ச்சி நியன்யேஃபான் (புத்தாண்டுக்கு முந்தின இரவு குடும்பமாகச் சாப்பிடுவது), ஃபா ஹோங்பாவ் (சிவப்பு உறையில் பணம் கொடுப்பது), அப்புறம் பாய்நியன், உறவினர் வீடுகளுக்குப் போய் வாழ்த்துவது.

ஒரு எச்சரிக்கை. ‘குவாய்லே’ (மகிழ்ச்சி) என்ற வாழ்த்து எல்லா நாளுக்கும் பொருந்தாது. ஏப்ரல் 4 அல்லது 5 வாக்கில் வரும் ச்சிங்மிங், முன்னோர் கல்லறையைத் துப்புரவு செய்து வணங்கும் நாள், அன்று யாரிடமும் அதைச் சொல்லி வைக்காதீர்கள்.

ஞாயிறு இரவுக்குள் ஆளுக்கு மூன்று வாக்கியம், குரல் பதிவாக மட்டும். தமிழ் எழுத்தில் சீனச் சொல்லின் தொனி (குரலின் ஏற்ற இறக்கம்) தெரியாது, தட்டச்சு செய்து அனுப்பினால் திருத்த மாட்டேன். சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், தனிச் செய்தி வேண்டாம்.