என் மோரிஸ் மைனரின் ஆயில் லீக்கை நிறுத்திக் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

என் 1959 மோரிஸ் மைனர் காருக்கு அடியில் விரித்து வைத்திருந்த அட்டையை இன்று காலை இழுத்துப் பார்த்தேன். மூன்று வாரமாகிவிட்டது. ஆயில் ஃபில்டருக்கு நேர் கீழே ஒரு புள்ளிகூட இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு நன்றி சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உங்களில் பாதிப் பேருக்கு மீதிப் பேர் என்ன செய்தார்கள் என்றே தெரியாது. அதனால் இந்த மடல்.

நடந்தது இதுதான். ஆயில் மாற்றி, புது ஃபில்டர் போட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்தேன். இரண்டு நிமிஷத்தில் கீழே சொட்டத் தொடங்கியது. ஃபில்டர் போல்ட்டைக் கொஞ்சம் இறுக்கினேன். சொட்டு அதிகமானது. இன்னும் இறுக்கினேன். இன்னும் அதிகமானது. அதோடாவது நிறுத்தினேனா என்றால், இல்லை.

இந்த 948 சிசி என்ஜினில், இப்போதைய கார்களைப் போல டப்பாவோடு திருகிக் கழற்றும் ஃபில்டர் கிடையாது. ஒரு இரும்புக் கிண்ணம், அதற்குள் ஃபில்டர், கிண்ணத்தின் அடியிலிருந்து மேலே ஏறும் ஒரு நீள போல்ட். என்ஜினோடு இருக்கும் ஃபில்டர் தலையில் வட்டமாக ஒரு பள்ளம் உண்டு; அதில் ரப்பர் ரிங். கிண்ணத்தின் விளிம்பு அந்த ரிங்கில் போய் அழுந்த வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், பள்ளம் தரையைப் பார்த்து இருக்கிறது. கை போகும், கண் போகாது.

முதல் நன்றி பக்கத்து வீட்டு அண்ணனுக்கு. "வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பியா?" என்று திட்டிவிட்டு, இரண்டு ஸ்டாண்டைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார். அண்ணி குழந்தைக்குப் போடும் பவுடர் டப்பாவைக் கொடுத்தார். ஏன் என்று கேட்கவும் இல்லை. மேலே வால்வ் கவர் பேக்கிங்தான் போய்விட்டது, அங்கிருந்துதான் வழிகிறது என்று நான் சத்தியமே செய்திருந்தேன். புது பேக்கிங்கூட வாங்கியாகிவிட்டது. என்ஜினின் அந்தப் பக்கத்தை மண்ணெண்ணெயால் துடைத்து, காயவிட்டு, பவுடரைத் தூவி ஸ்டார்ட் செய்தோம். மேலே எல்லாம் வெள்ளையாகவே இருந்தது. ஃபில்டர் தலையும் கிண்ணமும் சேரும் இடத்தில் மட்டும் மை தீட்டினாற்போல ஒரு கருங்கோடு, பாதி வட்டத்துக்கு. அது தடித்து, திரண்டு, ஒரு சொட்டாகத் தொங்கியது.

அடுத்தது, போனில் உதவிய மெக்கானிக் ஐயா. தொழிலை விட்டு எத்தனையோ வருஷம் ஆன பிறகும், நான் புலம்பியதை முழுக்கக் கேட்டீர்கள். எந்த கம்பெனி ரிங், எவ்வளவு இறுக்கினாய் என்று எதுவும் விசாரிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்: "பழைய ரிங் எங்க தம்பி?"

குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடினேன். பழைய ஃபில்டர் இருந்தது. ரிங் இல்லை. "அப்போ அது மேலேயேதான் இருக்கு. சூடு தின்ன ரப்பர் இரும்பு மாதிரிதான் இருக்கும், ஊசியால குத்திப் பாரு" என்றீர்கள். நான் விரலால் தடவி, வெறும் இரும்பு என்று முடிவு கட்டிய இடம் அது! இதற்கு முன் இரண்டு முறை ஃபில்டர் மாற்றியபோது, பெட்டியில் வந்த ரிங்கெல்லாம் வேறு வண்டிக்கானது என்று தூக்கிப் போட்டிருக்கிறேன். பழைய ரிங்கே காப்பாற்றிக்கொண்டிருந்தது. இந்த முறை எல்லாவற்றையும் முறையாகச் செய்யலாமே என்று புது ரிங்கைப் போட்டேன், பழையதன் தலைமேலேயே. பள்ளத்தில் இறங்க இடமில்லாமல் அது மேலே உட்கார்ந்திருக்கிறது. ஓட்டத்தில் இந்த என்ஜினின் ஆயில் பிரஷர் சுமார் 60 பிஎஸ்ஐ. பிடிமானம் இல்லாத ரப்பர் அதற்கு எப்படித் தாங்கும்? நான் இறுக்க இறுக்க வெளியே பிதுங்கியதுதான் மிச்சம்.

பல் மருத்துவ நண்பரே, உங்கள் குட்டிக் கண்ணாடியும் வளைந்த ஊசியும் இல்லாவிட்டால் அது வெளியே வந்திருக்காது. கண்ணாடியில் பார்த்தபோது ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே முடி அளவு இடைவெளி தெரிந்தது. ஊசியை அதில் விட்டு நெம்பினால், வெட்டிய நகம்போலத் துண்டு துண்டாக விழுந்தது. ஒரு மணி நேரம் ஆனது. கழுத்து இரண்டு நாள் திரும்பவில்லை.

உதிரிபாகக் கடைத் தம்பிக்கும் நன்றி. பெட்டியில் இருந்த ரிங்குகளில் எது என்று ஊகிக்க விடாமல், பிய்ந்த துண்டைப் பக்கத்தில் வைத்து, தடிமனும் சதுர வெட்டும் ஒத்துப்போவதை எடுத்துக் கொடுத்தார். போல்ட் தலைக்கடியில் இருக்கும் வாஷரையும் மாற்றச் சொன்னது அவர்தான்.

என் இறுக்கலில் கிண்ணத்தின் விளிம்பு லேசாகக் கோணியிருந்தது. லேத் பட்டறைக்காரர் அதைப் பார்த்து, "இதுக்கு எதுக்குங்க லேத்" என்று சிரித்தார். கண்ணாடிப் பலகைமேல் எமரி பேப்பரை விரித்து, கிண்ணத்தைக் கவிழ்த்து எட்டுப் போட்டுத் தேய்த்தார். மேடான இடங்கள் மட்டும் முதலில் பளபளத்தன. பளபளப்பு சுற்றிலும் ஒரே வளையமாகச் சேர்ந்ததும் நிறுத்திவிட்டார்.

அப்புறம் என் மகள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் இல்லை என்று காட்டும் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை ஓட்டியது அவள்தான். நான் கீழே டார்ச்சோடு படுத்திருந்தேன். "அணைஞ்சிடுச்சுப்பா!" என்று அவள் கத்திய பிறகும், அரை மணி நேரம் அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டாண்டுகளை அண்ணன் வீட்டில் சேர்த்துவிட்டேன். பவுடர் தீர்ந்துவிட்டது, புதிது வாங்கித் தருகிறேன் அண்ணி. பல் மருத்துவரின் ஊசி மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கேட்டால் தந்துவிடுவேன், ஆனால் தயவுசெய்து அதை யார் வாயிலும் வைத்துவிடாதீர்கள்.