உதவித்தொகையோடு பணியிடமும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமப்புறங்களில் பணியாற்ற முன்வரும் பொதுச் சுகாதார மாணவர்களுக்குத் தமிழக அரசு தனியாகக் கல்வி உதவித்தொகை வழங்க வேண்டும் என்ற கருத்தை, சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முழுமனதுடன் ஆதரிக்கிறேன். ஆயினும், படிப்புக்குப் பணம் கொடுத்துவிட்டு, படித்து வந்தவருக்குப் பணியிடம் ஒதுக்காமல் விட்டால் அந்தப் பணத்தின் பலன் கிராமத்துக்கு வந்து சேராது.

1939ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனிச் சட்டம் கண்டதும், அதற்கெனத் தனி இயக்ககத்தை இன்றுவரை நடத்தி வருவதும் நம் மாநிலத்துக்குப் பெருமைதான். ஆனால், மாவட்ட அளவில் அத்துறையை நடத்தும் பதவிகள் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கே உரியவை. செவிலியர் பட்டமோ அறிவியல் பட்டமோ பெற்று, அதன்மேல் இரண்டு ஆண்டுகள் எம்.பி.எச். என்னும் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம் படித்துவிட்டு வரும் கிராமத்துப் பிள்ளைக்கு அரசில் நிலையான வேலை கிடைப்பது அரிது; தொண்டு நிறுவனங்களின் ஒப்பந்தப் பணியோ நகரத்து ஆய்வுத் திட்டங்களோதான் பெரும்பாலும் வாய்க்கின்றன. கடன் வாங்கிப் படித்தவர் சம்பளம் கிடைக்கும் இடத்துக்குப் போவதில் குறை காண முடியாது.

ஜப்பானில் 1972இல் தொடங்கப்பட்ட ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் கடனாக வழங்கப்படுகிறது. ஆறாண்டுப் படிப்பின் ஒன்றரை மடங்கான ஒன்பது ஆண்டுகள், கிராமங்கள் உள்பட, சொந்த மாகாணம் காட்டும் இடங்களில் பணியாற்றுவோருக்கு அக்கடன் தள்ளுபடியாகிறது. மாணவரைத் தேர்ந்தெடுக்கும் மாகாணமே அவருக்குப் பணியிடத்தையும் தருகிறது என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. அரசுப் பணி செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த மருத்துவர்கள், அதற்குரிய தொகையைக் கட்டிவிட்டு விலகிப் போகும் வழக்கத்தைப் பார்த்துச் சலித்த நமக்கு இது புதிதாகத் தோன்றலாம்.

செலவைக் காட்டி இதைத் தள்ளிவிட முடியாது. 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டில் மருத்துவம் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது; பொதுச் சுகாதார மாணவர்களுக்கும் அவ்வாறே செய்யலாம். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ரூ.1,000 இளநிலைப் படிப்போடு நின்றுவிடுவதால், எம்.பி.எச். மாணவிக்கு அதனால் பயனில்லை.

யாருக்கு உதவித்தொகை தருவது என்பதில் மதிப்பெண் மட்டும் அளவுகோலாக இருக்கக் கூடாது. கிராமத்தில் வளர்ந்தவர்களே கிராமப் பணிக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவர்களைக் கூடுதலாகச் சேர்க்க உலக சுகாதார நிறுவனம் 2010லேயே பரிந்துரைத்துள்ளது. ஏற்கெனவே கிராமத்தில் இருக்கும் கிராம சுகாதார செவிலியர்களையும் சுகாதார ஆய்வாளர்களையும் நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. எந்தத் தெருவில் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி வைக்கிறார்கள், எந்தக் குடிநீர்த் தொட்டிக்குக் குளோரின் ஒழுங்காகப் போடப்படுவதில்லை, எந்த வீட்டுக் கர்ப்பிணி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறார் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவைப் புள்ளிவிவரமாகவும் திட்டமாகவும் மாற்றும் பயிற்சிதான் இவர்களுக்கு வாய்க்கவில்லை. அரசு மருத்துவர்களுக்குப் பட்ட மேற்படிப்பின் மாநில ஒதுக்கீட்டில் 50 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அவ்வாறு ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று உச்ச நீதிமன்றமும் 2020இல் தீர்ப்பளித்தது. அதே நியாயத்தை இவர்களுக்கும் நீட்டி, சம்பளத்துடன் கூடிய படிப்பு விடுப்பு கொடுத்தால் என்ன?

தொடக்கமாக ஜவ்வாதுமலை, கல்வராயன்மலை, கொல்லிமலைப் பகுதிகளுக்குத் தலா ஒரு பொதுச் சுகாதாரப் பணியிடத்தை உருவாக்கி, அந்தந்த மலையைச் சேர்ந்த ஒருவரை அதற்கென்றே தேர்ந்தெடுத்துப் படிக்க அனுப்புமாறு மக்கள் நல்வாழ்வுத் துறையைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.